சந்தனம் பூசிய தண்டவாளம்

அக்டோபர் பதினொன்று, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். தூறல் விட்டிருந்தது, வெயில் இன்னும் வரவில்லை. திருநின்றவூரில் என் மகன் கட்டிய வீட்டின் முன்னறையில், எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் எஞ்சினின் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் ஒவ்வொன்றாகச் சுண்டைக்காய் வைத்துக்கொண்டிருந்தார் டிரைவர். முதலில் எலுமிச்சை வைத்துப் பார்த்தோம், எஞ்சின் கவிழ்ந்துவிட்டது. சுண்டைக்காயே அதிகம்தான். நிஜ எஞ்சின் அளவுக்குக் கணக்குப் போட்டால் அது பூசணிக்காய்.

பாடியில் நாங்கள் வேலை பார்த்த பழைய வார்ப்படத் தொழிற்சாலைக்குள் இரண்டடி அகலத்தில் ஒரு குட்டி ரயில்பாதை ஓடியது. மணலையும் சூடு ஆறாத வார்ப்புகளையும் இழுத்துச் சென்ற டீசல் எஞ்சினுக்கு அவர் டிரைவர். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து திருகாணி முதற்கொண்டு எண்ணியவன் நான். பாதையை மூடியபோது அந்த எஞ்சினைப் பழைய இரும்பென்று எடைக்குப் போட்டார்கள். ஓய்வுபெற்றபின் அதையும், மணல்மேட்டையும், வார்ப்புக் கொட்டகையையும் ஆறடிப் பலகையின்மேல் முப்பத்தேழில் ஒரு பங்காக நான் செய்தேன். பொம்மை ரயிலின் மோட்டாரும் தண்டவாளமும் வாங்கியவை; எஞ்சினின் உடம்பு முழுக்க நான் பிளேடால் வெட்டி ஒட்டிய பிளாஸ்டிக் தகடு. வயதானவன் கோயில் கோயிலாகச் சுற்றினால் பக்தி, சீட்டாடினால் பொழுதுபோக்கு. எஞ்சின் செய்தால் மட்டும் மூளை பிசகிவிட்டதாம். எனக்கு இந்தக் கணக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை.

டிரைவருக்கும் ஒத்துவரவில்லை. ஞாயிறுதோறும் ஆவடியில் ரயிலேறி வந்துவிடுவார். பாராட்ட அல்ல, குறை சொல்ல. எஞ்சினுக்குள் அவரைப்போலவே ஒரு பொம்மையை உட்கார வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இன்னா ஸ்டோர்ஸு, யார் இவன்? பட்டினி கெடந்தவனாட்டம் கீறான். என் தொப்பைய எங்க வச்சினு வந்த?” மறுவாரமே மெழுகை உருட்டித் தொப்பை வைத்தேன். கதவு இடித்தது. கதவை அகலமாக்கினேன்.

பூஜையன்று அந்த அறையைப் பார்க்கத் தரகரோடு ஒருவர் வருவதாக இருந்தது, தையல்கடை வைக்கப்போகிறாராம். வீட்டுக்கடனைக் கட்டுகிறவன் மகன். முன்னறைக்கு நாலாயிரம் வாடகை வரும் என்பது அவன் பக்கத்து நியாயம். எஞ்சின் ஓடுவதைப் பார்த்தால் மனம் மாறுவான் என்பது என் நினைப்பு. அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் அசையவில்லை. அப்போதுதான் கவனித்தேன்: சக்கரங்களோடு நிற்காமல், தண்டவாளம் நெடுகிலும் மோதிர விரலால் சந்தனம் இழுகிக் குங்குமம் வைத்திருந்தார் டிரைவர். தண்டவாளத்தில் வரும் மின்சாரம் சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்கு ஏற வேண்டும். சந்தனத்தைத் தாண்டி எப்படி ஏறும்?

“பாத்தீங்களாப்பா? இதுக்கா ஒரு ரூம்?” என்றான் மகன்.

நான் துடைக்கத் துணி தேடினேன். டிரைவர் அவன் பக்கம் திரும்பினார். “நைனா, பூச போட்ட எஞ்சின எவனாச்சும் அன்னிக்கே வேலைக்கு எடுப்பானா? நம்ம ஷெட்டுல எந்த மெஷினாச்சும் ஓடிக்கீதா? இன்னிக்கு அதுக்கு லீவு. நாளைக்கு வா, காட்றேன்.”

தையல்காரர் சிரித்துவிட்டார். “லீவு நாள்ல வந்துட்டோம் சார்” என்று தரகரை இழுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. சந்தனம் காய்ந்து இறுகிவிட்டதால் தண்டவாளத்தைத் துடைக்க எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாள் விஜயதசமி. பதினேழு சுற்று ஓடியது. டிரைவர் பதினெட்டு என்றார். மகன் வந்து பார்க்கவே இல்லை.

டிசம்பர் முதல் வாரம், மழை நாளில், டிரைவர் மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பிய மாலையே மகன் மெதுவாகத்தான் சொன்னான். “இனிமே யாருப்பா வரப்போறாங்க? பிரிச்சு வச்சிடலாமே.”

ஒரு முறை எடைக்குப் போட்டது போதும் என்று எனக்குப் பட்டது. “அறைக்கு என்ன வாடகை கேட்கிறாய்?” என்றேன்.

“விளையாடாதீங்கப்பா.”

“விளையாடவில்லை. முன்பணம் எத்தனை மாதம்?”

அவன் கோபத்தில், “மூணு மாசம். எல்லாருக்கும் அதான்” என்றான். மறுநாள் காலை வங்கி திறந்ததும் எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தேன். வாங்க மறுத்தான். தரகரிடம் கொடுக்கட்டுமா என்றதும் வாங்கிக்கொண்டான். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் ஓய்வூதியத்திலிருந்து வாடகை போகிறது. குடியிருப்பவனை இஷ்டத்துக்குக் காலிசெய்யச் சொல்ல முடியாது என்று ஒரு முறை நினைவூட்டியும் வைத்தேன்.

இந்த ஆயுத பூஜைக்கும் தண்டவாளத்தில் நானே சந்தனம் இழுகினேன். ஓடாது என்று தெரியும். அன்று அதற்கு லீவு.

முன்பணம் பன்னிரண்டாயிரம், பத்து மாத வாடகை நாற்பதாயிரம், மோட்டார், தண்டவாளம், தகடு, பெயின்ட், தொப்பைக்கு மெழுகு ஆக ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது. மொத்தம் அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.