தோற்கத் தெரிந்த கிளப்

சென்ற மாதம் ஒரு வெள்ளைக்காரர் என் எழுத்தை முழுசாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "இது எங்க கிளப்பே இல்லையே!" என்றார்.

அழுவதா, சிரிப்பதா... நீங்களே சொல்லுங்கள்.

துபாய் அல் கூஸில், ஒரு குடோனுக்குப் பின்னால் இருக்கும் காலி மணல் திடலில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஞாயிறு காலையில் ஃபுட்பால் ஆடுவார்கள். கேப்டன் காஜா பாய். காயல்பட்டினத்துக்காரர், தேரா பஜாரில் துணி வியாபாரம். கோல்கீப்பர் என் கணவர் சுந்தர். பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடிப்பார்.

டீமின் ஜெர்ஸி, காஜா பாய் கடைக்கு விற்காத மிச்சச் சரக்காக, ஸ்டாக் லாட்டில் வந்த ஒரு மூட்டை. இங்கிலாந்தில் ஏதோ குட்டி ஊர் கிளப்பினுடையது. பெரிய லீக் பக்கம் தலைவைத்தும் படுக்காத கிளப்.

குடோன் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார், மார்ட்டின் என்று. திடலில் இனி லாரி நிற்கும், ஆட்டம் கலாஸ் என்று சொல்ல நேரிலேயே வந்தவர், ஜெர்ஸியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நான் பிறந்த ஊர் கிளப்! நீங்கள்லாம்... ஃபேன்ஸா?"

காஜா பாய் யோசிக்கவே இல்லை. "எஸ் சார்! ஃபுல் டீம், ஃபுல் ஃபேமிலி!"

"அடுத்த ஞாயிறு வரேன். லாரியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

போதாதா? அன்று மதியமே காஜா பாய் எங்கள் வீட்டு வாசலில். "தங்கச்சி, கிளப்போட வரலாறை நீங்கதான் எழுதணும். ஃப்ளெக்ஸ் அடிச்சிருவோம். சாருக்கு ஒரு பொன்னாடையும் போத்திருவோம்."

நெட்டில் தேடினேன். செங்கல் சூளைத் தொழிலாளர்கள் ஆரம்பித்த கிளப். மைதானம் ஒரு பக்கம் சரிவு. ஆட்டத்துக்கு முன்னால் மாடுகளைத் துரத்த வேண்டும். உடை மாற்றுவது எதிரே இருந்த மதுக்கடையில். "அதை மட்டும் டீக்கடைன்னு போட்டுருங்கம்மா" என்றார், ஹஜ் போய்வந்த காஜா பாய்.

சரி, ஜெயித்த கதை? மாஃபி! ஒரு கோப்பைகூட இல்லை. அதற்காக 'தோற்றது, மறுபடியும் தோற்றது' என்றா ஃப்ளெக்ஸ் அடிப்பது? காதுகுத்துக்கு வரும் வட்டச் செயலாளரையே 'வரலாறே வருக' என்று வரவேற்கும் பரம்பரை நாம்! இங்கிலீஷில் வெளுத்து வாங்கினேன் – வீழ்த்தவே முடியாத வெற்றிப் படை, கோப்பைகளின் கோட்டை...

ஞாயிறன்று ஃப்ளெக்ஸில் அதைப் படித்துத்தான் மார்ட்டின் 'எங்க கிளப்பே இல்லையே' என்றார். பொன்னாடையோடு நின்றபடியே கேட்டார். "நாங்க எதையுமே ஜெயிச்சதில்லையே. நிஜமான ஃபேன் இப்படி எழுதுவானா?"

என் கணவர் கையுறை போட்ட கையை நீட்டி என்னைக் காட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷன்!

காஜா பாயின் முகம் செத்துப்போனது. "சாரி சார். ஜெர்ஸி மூட்டையில வந்தது. கிளப் பேரு எங்களுக்கு வாயிலயே நுழையாது. ஆனா இந்தப் பசங்களுக்கு வாரம் பூரா டூட்டி, ரூம், டூட்டி. இந்த ஒரு காலையும் போச்சுன்னா என்ன இருக்கு, சொல்லுங்க?"

மார்ட்டின் பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, ஆடுங்க. பாக்கறேன்."

எதிர் டீம் மலையாளிகள். விடுவார்களா? பந்து என் கணவரின் காலிடுக்கிலேயே போய் வந்தது. இரண்டாவது கோலில் மார்ட்டின் தலையில் அடித்துக்கொண்டார். நான்காவதில் ரெஃப்ரியைத் திட்டினார். ஆறாவதில் என் கணவரை, அச்சில் ஏற்ற முடியாத இங்கிலீஷில். நானே கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட வார்த்தைகள்!

ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து காஜா பாயைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அப்படியே எங்க ஊர் ஆட்டம்! சின்ன வயசுல அப்பாகூட உட்கார்ந்து பார்த்த அதே ஆட்டம்!"

லாரிகள் குடோனின் அந்தப் பக்கம் போய்விட்டன. மார்ட்டின் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் மடக்கு நாற்காலியோடு ஆஜர்.

வந்தது வினை போன வாரம். கடைசி நிமிடம் வரை நாங்கள் ஒரு கோல் முன்னிலை! மார்ட்டின் பிடிக்காத கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். காஜா பாய் கோல் போஸ்ட்டுக்கு ஓடினார். "சுந்தர், அல்லாவுக்காக ரெண்டு விட்டுருங்க... கிரவுண்டு போயிரும்!"

விட்டார். வாழ்க்கையிலேயே வேண்டுமென்று விட்ட கோல்கள் அவை மட்டும்தானாம்... நம்பித்தானே ஆக வேண்டும், குடும்பம் நடக்கணுமே!