எதிர்க்கதவுக்குச் சொல்லாத சங்கதி

மஸாஹிராவுக்கு ஒரு சந்தோசம் வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு அவளால் தூங்க முடியாது. வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், லிஃப்ட் பாதி நாள் படுத்துக்கிடக்கும் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விசயம். பல்கனித் தொட்டியில் வைத்த மிளகாய்ச் செடியில் முதல் கொச்சிக்காய் காய்த்தால் சொல்வாள். முழங்கால் வலிக்காமல் மார்க்கட் வரை நடந்துவிட்டு வந்தால் சொல்வாள். கட்டாரில் இருக்கும் மகன் இப்ஹாம் தானாக ஆக்கிய சோற்றைப் போட்டோ எடுத்து அனுப்பினால், சோறு குழைந்து போயிருந்தாலும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு காட்டப் போவாள். போகும்போது வெறுங்கையோடு போகமாட்டாள். ஒரு தட்டில் ஏதாவது இருக்கும். பெரிய சந்தோசம் என்றால் தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பம், சின்னது என்றால் இரண்டு வாழைப்பழம்.

போவது எங்கே என்றால், எதிர்க்கதவுக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு எட்டு வைக்கும் அளவு நடைபாதைதான். எதிர்வீட்டுத் துஷாந்தினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஒரு தனியார் கொம்பனியில் கணக்கு வேலை. கல்யாணம் முடித்த வருசமே புருசன் ஜனா கனடாவுக்குப் போய்விட்டான். அவள் அவனிடம் போய்ச் சேருவதற்காகத்தான் இத்தனை வருசமும் தனியாக அந்த வீட்டில் இருந்தாள். மஸாஹிரா கொண்டுபோன எந்தத் தட்டையும் அவள் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. கேசரியோ, எள்ளுருண்டையோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியோ அதில் இருக்கும். மஸாஹிராவை அவள் கூப்பிடுவது மஸாக்கா என்று. சொந்தத் தங்கச்சிகூட இவ்வளவு பொறுமையாகக் கொச்சிக்காய்க் கதை கேட்டிருக்கமாட்டாள்.

துஷாந்தினியின் விசா விண்ணப்பம் இரண்டு தரம் மறுக்கப்பட்டது. இரண்டு தரமும் அவள் மஸாஹிராவிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டாள். மஸாஹிராவும் அல்லாஹ்விடம் துஆ கேட்டாள், வட்டிலப்பம் அவித்தாள், தாங்கள் இருந்த மூன்றாம் மாடி முழுக்கச் சொன்னாள், மாடிப்படியில் எதிர்ப்பட்ட இரண்டாம் மாடிக்காரர்களுக்கும் சொன்னாள். மறுப்பு வந்தபோது துஷாந்தினியோடு சேர்ந்து அழுதவளும் அவள்தான். இரண்டாவது தரம் துஷாந்தினியை விடக் கூடுதலாகவே அழுதாள்.

மஸாஹிராவுக்கும் ஒரு ஆசை இருந்தது. ஐம்பத்துமூன்று வயதில் கார் ஓட்டப் பழக வேண்டும் என்ற ஆசை. அது வீம்பில் வந்ததல்ல. ஒருநாள் கொட்டாஞ்சேனையில், அவள் தாத்தா என்று கூப்பிடும் அக்கா வீட்டுக்குப் போன வழியில், புருசன் ஸஹாப்தீனுக்கு இரத்தத்தில் சீனி இறங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலை சாய்ந்துவிட்டார். நடுரோட்டில் கார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். பக்கத்தில் இருந்த மஸாஹிராவுக்குக் கதவைத் திறப்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. யாரோ ஒரு முச்சக்கரவண்டிக்காரர் இறங்கி வந்து காரை ஓரங்கட்டி, ஸஹாப்தீனுக்குச் சோடாவும் பருக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து அவள் முதலில் சொன்ன வார்த்தை, நான் பழகப் போறேன் என்பதுதான்.

பழகினாள். முதல் டெஸ்டில் பெயில், பின்னால் எடுக்கும்போது தடியில் இடித்துவிட்டாள். இரண்டாவதிலும் பெயில், ஏற்றத்தில் கார் நின்றுபோனது. இரண்டு முறையும் போகும்போது எதிர்க்கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனாள். துஷாந்தினியும் பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் அனுப்பி வைத்தாள். லைசன்ஸ் கிடைத்தால் முதல் ஓட்டம் அவளோடு என்றும், மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடலுக்குப் போய் இறால் வடை தின்பது என்றும் பேச்சு.

மூன்றாவது டெஸ்ட் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல்நாள் கடையில் இருந்து வந்த ஸஹாப்தீன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இந்த முற எதிர்வீட்டுக்கு ஒரு வார்த்த செல்லாம போ. ரெண்டு முறையும் செல்லிட்டுத்தான் போன. ரெண்டு முறையும் பெயில்."

"அந்தப் புள்ளட கண் அப்பிடிப்பட்ட கண் இல்ல."

"நான் கண்ணெண்டா சென்ன? செல்லாம போண்டுதான் சென்ன."

மஸாஹிராவுக்குக் கோபம் வந்தது. ஆனால் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள், எதிர்க்கதவுக்கு நேரே வந்ததும் கொஞ்சம் நின்றாள். உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. பாஸாகிவிட்டு வந்து திடீரென்று சொன்னால் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோசமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சத்தம் காட்டாமல் படியிறங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாயை மூடிக்கொண்டு போன காரியம் அது. அன்றைக்கு அவள் பாஸ்.

பாஸானவளுக்கு வாய் அரிக்காமல் இருக்குமா? அரித்தது. ஆனால் வெள்ளிக்கிழமை தற்காலிக லைசன்ஸ் கைக்கு வரட்டும், எதிர்க்கதவுக்கு வட்டிலப்பத்தோடு போய்ச் சொல்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளும் அவள் நோன்பு பிடித்ததைவிடக் கஷ்டப்பட்டாள்.

புதன்கிழமை பின்னேரம் துஷாந்தினியே வந்தாள். மஸாஹிராவின் நீலப்பூத் தட்டுகள் மூன்றையும் ஒன்றாகக் கழுவி அடுக்கி, மேலே ஒரு பெட்டி எள்ளுப்பாகும் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"என்ன மஸாக்கா, முகத்தில ஒரு வெளிச்சம்?"

"ஒன்டுமில்ல புள்ள. முருங்கக்கா மலிவா கெடச்சிச்சி. ஒனக்கென்ன, கண்ணெல்லாம் செவந்து ஈக்கி?"

"ஒண்டுமில்லை அக்கா. வெங்காயம் வெட்டினனான்."

சொல்லிவிட்டு அவள் மஸாஹிராவைக் கட்டிப்பிடித்தாள். கொஞ்சம் கூடுதலான நேரம்தான். மஸாஹிராவின் கையில் தட்டுகள் இருந்ததால் அவளால் திருப்பிக் கட்டிப்பிடிக்க முடியவில்லை. வேலையிடத்தில் ஏதாவது மனவருத்தமாக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மஸாஹிரா வட்டிலப்பத்தை முழுசாக நீலப்பூத் தட்டில் கவிழ்த்து, மேலே கஜு தூவி, பெருவிரலில் கார்ச்சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு புறப்பட்டாள். எதிர்க்கதவு திறந்தே கிடந்தது. வாசலில் மிதியடி இல்லை. புள்ள, என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனவளுக்கு அப்படியே கால் நின்றுவிட்டது.

வீடு வெறுமையாக இருந்தது. சோபா இல்லை. மேசை இல்லை. பிள்ளையார் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கட்டடத்து வாச்சர் அழகர் ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"களவு போயிட்டா அழகர்?" மஸாஹிராவுக்கு வாயில் வந்தது அதுதான்.

"களவெல்லாம் இல்லம்மா. கனடா போயிட்டாங்க. நேத்து வெள்ளன வேன் வந்துச்சு. பகல்ல ஓனர் ஆள் வச்சு சாமானெல்லாம் எடுத்துட்டாரு."

மஸாஹிரா நேற்று முழு நாளும் கொட்டாஞ்சேனையில் இருந்தாள், தாத்தாவுக்கு லைசன்ஸ் கதை சொல்ல.

"ஆரு போன?"

"துஷாந்தினியம்மாதான். நாந்தான் சூட்கேஸ ஏத்துனேன். ஒங்க சூட்கேஸ் தானேம்மா? மேல ஒங்க பேரு எழுதியிருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

மக்காவுக்கு உம்ரா போகும்போது வாங்கிய சூட்கேஸ் அது. தொலைந்துவிடக் கூடாதென்று இப்ஹாம் மார்க்கரால் கொட்டை எழுத்தில் பெயர் எழுதியிருந்தான். போன வாரம், திருகோணமலைக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று துஷாந்தினி கேட்டபோது மஸாஹிராவே தட்டித் துடைத்துக் கொடுத்தாள். போதாக்குறைக்கு, மூடி பூட்டவில்லை என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்தவளும் அவள்தான். நிறை பார்க்கும் கைத்தராசை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தவளும் அவள்தான். கோயிலுக்குப் போக என்னத்துக்குத் தராசு என்று கேட்டதற்கு, பஸ்ஸில் நிறை கூடினால் சல்லி கேட்பார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னதை நம்பியவளும் அவளேதான்.

மஸாஹிரா தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல், வைக்க ஒரு மேசைகூட இல்லாத வீட்டில், தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அழகர் தண்ணி வேணுமா என்று கேட்டது அவளுக்குக் கேட்கவேயில்லை.

ஸஹாப்தீன் இரவு சாப்பாட்டில் கொதித்தார். "பன்னெண்டு வருசம் ஒன்ட கையால தின்ட புள்ள. ஒரு வார்த்த செல்லிட்டு போனா என்னவாம்?"

மஸாஹிரா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. இரண்டு தரம் தன்னிடம் சொன்னாள், இரண்டு தரமும் விசா இல்லை. மூன்றாம் தரம் சொல்லவில்லை, கிடைத்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டுமா? முகம் கழுவப் போனவள் கண்ணாடியில் தன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு இட்ட சுருமா கரைந்து வழிந்திருந்தது. இந்தக் கண்ணா? அந்தப் பிள்ளைக்காக அழுது அழுது வீங்கின இதே கண்ணையா அவள் பயந்தாள்? அவமானமாக இருந்தது. அதற்கு மேல் பயமாக இருந்தது. தான் சந்தோசம் சொல்லிப் போன ஒவ்வொரு கதவும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் எதையெல்லாம் தனக்கு மறைத்தார்களோ.

வட்டிலப்பத்தை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அது அப்படியே பிரிஜ்ஜில் இருந்தது.

சனிக்கிழமை மாலை மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஃபோன் வந்தது. தெரியாத வெளிநாட்டு நம்பர். எடுக்கக் கூடாது என்று நினைத்தாள், எடுத்தாள்.

"மஸாக்கா." துஷாந்தினிதான். "கோவிக்காதேங்கோ அக்கா. ஜனாதான் சொன்னவர், ஒருத்தருக்கும் மூச்சு விடாதை எண்டு. பிளேன் கிளம்புமட்டும் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கிப் போட்டார். அண்டைக்குத் தட்டைக் கொண்டு வந்தனானெல்லே, சொல்லத்தான் வந்தனான். வாய்வரைக்கும் வந்திட்டுது, சொல்லேலாமப் போச்சு."

மஸாஹிராவின் கேள்வி தொண்டையில் தயாராக இருந்தது. ஒரு நாள் முழுக்கச் சுமந்த கேள்வி. அதைக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிடுவது என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். அதற்குள் துஷாந்தினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கதையை மாற்றுகிறவள் போலக் கேட்டாள்.

"அக்கா, உங்கட லைசன்ஸ் டெஸ்ட் எப்ப? இந்தமுறையும் நான் பிள்ளையாரைக் கும்பிடோணும். இஞ்ச ஒரு கோயில் கிட்டத்தான் இருக்குதாம்."

மஸாஹிரா கட்டிலில் உட்கார்ந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். இன்னும் தேதி வரவில்லை என்று ஒரு வார்த்தை போதும்.

"நான் பாஸ் புள்ள," என்றாள்.

"உண்மையாவோ? எப்ப?"

"செவ்வாக்கெழம."

அந்தப் பக்கம் யாரோ தூரத்தில் கோப்பை கழுவும் ஒலி மட்டும் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை நான் அங்கதானே அக்கா இருந்தனான். வீட்டுக்குள்ளதான் இருந்தனான்."

"ஓ," என்று மஸாஹிரா ஒத்துக்கொண்டாள்.

"புதன்கிழமை வாசல்ல நிண்டு கதைச்சனாங்களே. முருங்கைக்காய் எண்டு சொன்னனீங்கள்."

"ஓ புள்ள."

மஸாஹிராவுக்கு மூடியிருந்த கதவுக்குப் பின்னால் அன்று காலையில் ஓடிய மிக்ஸியின் சத்தம் காதில் கேட்டது. திடீரென்று சொல்லிச் சந்தோசப்படுத்தத்தான் மறைத்தேன் என்று அவள் நாலு நாளாகத் தனக்கே சொல்லிவந்தது எவ்வளவு பெரிய பொய். ஃபோனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

துஷாந்தினி மெதுவாகக் கேட்டாள். "என்ர கண்ணுக்கோ அக்கா பயந்தனீங்கள்?"

ஒரு நாள் முழுக்க மஸாஹிரா சுமந்திருந்த கேள்வி அது. அவள் கேட்பதற்கு முந்தி அது அங்கிருந்து வந்துவிட்டது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அது முடியும்வரை இரண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை.

"ஓ புள்ள," என்றாள் மஸாஹிரா. "பயந்துதான் செல்லாம போன."