மெய்டன்ஹேர் வாடிய கல்யாணப் படம்

என் ஓர்ப்படியின் வீட்டுச் சுவரில் அவள் மகளின் கல்யாணப் படம் தொங்குகிறது. போகும்போதெல்லாம் பெண் கையிலிருக்கும் பொக்கேயைத்தான் முதலில் பார்ப்பேன். இன்றும் என் வயிறு குளிர்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கையில் எஹலியகொடப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஒரே லயத்து வரிசையில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த அறை என் கணவரின் அண்ணன் குடும்பத்துடையது. ஓட்டைப் பால்வாளியில் தேங்காய்த் தும்பும் கரியும் போட்டு, பின்வாசல் நிழலில் மெய்டன்ஹேர் என்ற பெரணிச் செடி வளர்த்தேன். மயிரிழைபோல் கறுத்த காம்பு, கொத்தமல்லி மாதிரிச் சின்ன இலை. வெயில் பட்டால் கருகும், ஒருநாள் தண்ணீர் தவறினால் சுருளும். பெற்ற பிள்ளைகளைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். அவள் பொக்கேக்கு என் செடிதான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஓர்ப்படி மகளின் கல்யாணம் ஆனியிலேயே வந்தது. அன்று காலை கோயிலில் பூவைக் கொடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன், வாளியில் அடிக்கட்டைதான் மிச்சம். தழை முழுக்க ஓர்ப்படி மகளுக்குக் கட்டிய பொக்கேயில் இருந்தது.

"அக்கா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க?"

"புல்லுதானே புள்ள! இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குற?"

புல்லாம்! எனக்குப் பற்றி எரிந்தது. வெட்டிய மெய்டன்ஹேரை இலையோடு தண்ணீரில் முக்கி ஊறவைத்தால்தான் வாடாமல் நிற்கும். அதற்கு இன்னும் நேரமிருந்தது. நான் சொல்லவில்லை.

"அழகா இருக்குங்க அக்கா" என்றேன்.

தாலி கட்டி, படம் பிடிக்க நின்றபோது ரோசாக்களைச் சுற்றி வெறும் சருகு தொங்கியது. டவுனிலிருந்து வந்த சிங்களப் படக்காரர் பொக்கேயைப் பார்த்து, "அபராதே!" என்று உச்சுக்கொட்டினார். வீணாய்ப் போச்சே என்று அவர் சொன்னதில் ஊரே திரும்பிப் பார்த்தது. ஓர்ப்படியின் முகம் செத்துப்போனது. மணப்பெண் பாவம்தான். ஆனால் அவள் அம்மாவுக்கு உறைக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆவணியில் தங்கையின் கையில் மெய்டன்ஹேர் முழங்கைவரை வழிந்தது. ஓர்ப்படி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"மொட்டையா நின்ன செடி எப்புடி புள்ள இம்புட்டு அடர்த்தியா வந்துச்சி?"

"சாமி புண்ணியம்ங்க அக்கா."

ஒட்ட வெட்டினால் மெய்டன்ஹேர் இரண்டு பங்காகத் தழைக்கும். அவள் வெட்டிய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தங்கையின் பொக்கே அப்படி அமைந்ததே தன்னால்தான் என்பாள்.