நோகாத கை

நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், ரொம்மன் என்ற நகர்ப்புறத்தில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் காடு. காட்டுக்குள் ஓர் ஏரி. தை மாதத்து ஞாயிறு ஒன்றில், மாதா கோயில் பூசை முடிந்து சாப்பிட்ட கையோடு நானும் என் கணவரும் அங்கே போனோம். மைனஸ் இருபதையும் தாண்டிய குளிர். அவர் பஸ் ஓட்டுபவர். உறைந்த ஏரி சத்தம் போடும் என்று வேலைத்தலத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் போனில் பிடித்து மன்னாரில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப வேண்டுமென்று அவருக்கு ஆசை.

ஏரியில் ஒருவரும் இல்லை. பகல்தான். ஆனால் பனிப்புகார் இறங்கியிருந்ததால் கரை எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சத்தம் எங்கள் காலடியிலேயே தொடங்கியது. இழுத்துக் கட்டிய கம்பியை ஆழத்தில் யாரோ சுண்டிவிட்டதுபோல ஓர் ஓசை. அது மறுகரை வரை ஓடி, சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தது. ஐஸ் தடிப்பாக இருக்கிறது, உடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடரி சிலிர்த்தது.

போனை அழுத்துவதற்காக வலது கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அது நழுவி, மீன்பிடிக்கிறவர்கள் ஐஸில் துளைத்துவிட்டுப் போன குழிக்குள் விழுந்தது. அவர் குனிந்து இடது கையைக் கையுறையோடேயே தண்ணீருக்குள் விட்டு அதை எடுத்தார். வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இடது கையில் ஈரக் கையுறை அப்படியே இருந்தது.

"கழட்டுங்கோவன்," என்றேன்.

"நடந்தாச் சூடேறும். நீர் வாரும்."

திரும்பி நடக்கையில் முதலில் விரல் எரியுது என்றார். பிறகு ஊசி குத்துது என்றார். அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது, "இப்ப நோகேல்லை. இதமாக் கிடக்கு," என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நோவு நிற்பதுதான் கெட்ட அறிகுறி என்று இருவருக்கும் தெரியாது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பலகைபோல விறைத்திருந்த அந்தக் கையுறையை மெல்ல உருவினேன். பெருவிரலைத் தவிர மற்ற நான்கும் மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. என் கம்பளிச் சால்வையால் சுற்றி, என் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர கையை ஒருக்காப் பிடியுமன்," என்றார்.

"பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."

அவர் குனிந்து பார்த்தார். பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப்போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே ஹீட்டரடிக்குப் போனார். நான் மறித்துவிட்டு லேகவாக்டுக்கு, அவசர மருத்துவ நிலையத்துக்கு, போன் எடுத்தேன். எடுத்த தாதி பதறவில்லை. விரலை அழுத்திப் பார்க்கச் சொன்னாள். கல்லுப்போல இருக்கிறது என்றேன். தேய்க்க வேண்டாம், உள்ளே இருக்கும் ஐஸ் தசையைக் கிழிக்கும் என்றாள். ஹீட்டரில் பிடிக்க வேண்டாம், உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் தெரியாது. மோதிரத்தை இப்போதே கழற்று, பிறகு வீங்கும். உடம்புச் சூட்டிலும் கொஞ்சம் சூடு கூடிய தண்ணீரில் கையை வை, ஆற ஆறச் சுடுதண்ணீர் சேர், நோவுக்குக் குளிசை விழுங்கக் கொடு, பிறகு கூட்டிக்கொண்டு வா. காட்டுக்குள் நின்று நான் போன் எடுத்திருந்தால் இளக்கவே வேண்டாம் என்றிருப்பாளாம். இளகியது மறுபடி உறைந்தால் இன்னும் மோசம்.

மோதிரம் சுலபமாகக் கழன்று வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குப் பார்ப்பதுபோல முழங்கையால் சூடு பார்த்துத் தண்ணீர் வைத்தேன். கையை இறக்கும்போது விரல்கள் பாத்திரத்தின் விளிம்பில் பட்டன. டொக் என்றது. மரம் பட்ட சத்தம். இருவரும் கேட்டோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெள்ளை கலைந்து, ஊதாவும் சிவப்புமாக ஏறத் தொடங்கியது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"நோகுதோ?"

"ஓம். நோகுது."

கர்த்தருக்கு நன்றி சொன்னேன், வாய்விட்டே.

ஆசுப்பத்திரியில் விரல்கள் கொப்புளித்தன. சிலதில் தெளிந்த நீர், சிலதில் கறுத்த இரத்தம். இரத்த நாளங்களை விரிக்கும் மருந்தைச் சேலைனில் ஏற்றினார்கள். வெட்ட அவசரப்படக்கூடாது என்றார் வைத்தியர். "எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சில மாதங்களில் உடம்பே கோடு கீறிக் காட்டும்."

கோடு மெல்ல மெல்ல வந்தது. மோதிர விரலிலும் சின்ன விரலிலும் நுனி கறுத்து, காய்ந்து, சுருங்கியது. மணம்கூட இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்ன விரல் நுனி கடிக்குது என்றார்.

"எது, அந்தக் கறுப்போ?"

"ஓம். சொறிஞ்சு விடும்."

சொறிந்தேன். காய்ந்த சுள்ளியைச் சுரண்டுவது போலிருந்தது. அவர் கண்ணை மூடி, "இப்ப சரி," என்றார்.

மோதிர விரலின் கறுப்பு வசந்தத்தில் தொப்பிபோலத் தானாகக் கழன்று விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் இருந்தது. சின்ன விரலின் நுனியைக் கோடையில் வெட்டினார்கள். இலையுதிர் காலத்தில் பஸ் ஓட்டப் போய்விட்டார்.

இப்போது குளிர்காலக் காலைகளில், வேலைக்குப் போகும் முன் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்போம். அவர் கண்ணை மூடிக் கையை நீட்டுவார். நான் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட, எது என்று சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார். சில காலைகளில் மட்டும், நான் இன்னும் தொடாமலே இருக்க, "சின்ன விரல், நுனி," என்கிறார்.