தும்பிக்கை ஒடிந்த யானை

நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே படம் எடுக்கப் பங்காளிகள் பதினோரு பேரும் வாட்ஸப்பில் சம்மதித்துவிட்டார்கள். காவலுக்கு இருக்கும் கருப்பையா மட்டும் கதவை ஒரு சாணுக்கு மேல் திறக்க மாட்டேன் என்கிறார்.

“அஞ்சு வருசம் முன்னாடியும் இப்படித்தேன் படம் எடுக்கன்னு வந்தாக. தூணு, கதவுன்னு ஒண்ணு விடாம போட்டோ எடுத்தாக. மறுமாசம் ராவோட ராவா ரெண்டாங்கட்டுக் கதவப் பேத்துக்கிட்டுப் போயிட்டாக. நீங்க எங்கிட்டிருந்து வாரீக?”

நான் நான்கு நாடுகளில் சொந்தமாகப் படம் எடுத்தவன். பார்த்தவர்கள் எல்லோரையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றினாலும் உட்கார இடம் மிச்சமிருக்கும். ஆனாலும் எந்த நாட்டு எல்லையிலும் என்னை இப்படிக் குடைந்ததில்லை. நம்பவைப்பதற்காக, போன வருடம் போர்ச்சுகலில் எடுத்த படத்தைப் போனில் ஓடவிட்டு இடுக்கு வழியாக நீட்டுகிறேன். உணவகத்தில் நாயகி அழும் காட்சி. விருது வாங்கியது.

போனை வாங்கிய கருப்பையா நாயகியைப் பார்க்கவே இல்லை. படத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்டு நிறுத்துகிறார். அவள் முதுகுக்குப் பின்னால் யானைகள் செதுக்கிய ஒரு பழைய மரக்கதவு. அதற்காகவே அந்த உணவகத்தைப் பிடித்தேன்.

“இந்த யானைக்குத் தும்பிக்கை எங்கய்யா? சின்னப்புள்ளையில நான் பந்தடிச்சு ஒடிச்சது. இது எங்க ரெண்டாங்கட்டுக் கதவு.”

“வாடகைக்குப் பிடித்த இடம்ங்க, கதவு ஏற்கெனவே அங்கேதான் இருந்தது” என்கிறேன். சொல்லும்போது எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது.

“அந்தக் கடை விலாசத்த எழுதுங்க. எழுதிக் குடுத்துட்டு உங்க போன வாங்கிக்கங்க.”

சாணளவு இடுக்கு விரலளவாகிறது. என் போன் உள்ளே இருக்கிறது.