மூன்று வீட்டுக் கொடி

இன்று பால்கனியில் பாதி நனைந்த துணியின் வாசனை வந்ததும், இப்போது இடித்துவிட்ட லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் மூன்று வீட்டுக்கும் பொதுவாக இருந்த துணிக்கொடி நினைவுக்கு வந்தது. தூறல் போட்டால், வீட்டில் இருப்பவர் எல்லார் துணியையும் எடுத்துவிட வேண்டும் என்பது வழக்கம்.

தெலங்கானா போராட்டம் சூடாக இருந்த அந்த வருஷம், தனி மாநிலம் கேட்ட எல்லம்மா ஆன்ட்டி வீட்டுத் துணிப் பேனரும், பிரிக்காதே என்ற குண்டூர்க்காரர் வீட்டுப் பேனரும், எழுதிய எழுத்து காய்வதற்காக என் பள்ளிச் சட்டைக்கு இரண்டு பக்கமும் தொங்கின. ஒரு மத்தியானம் திடீரென்று தூறியபோது ஆன்ட்டி இரண்டையும் சேர்த்தே அள்ளினார்.

"அவங்களுது நக்கோ, வேண்டாம் ஆன்ட்டி, விடுங்க," என்றேன்.

எங்களோடு பழகி வந்த தமிழில் எரிச்சலாகச் சொன்னார்: "எழுத்து அழிஞ்சா, நாளைக்கு எதைத் தூக்கிட்டு எங்களோட சண்டைக்கு வருவாங்க?"