நான் எழுதிய சிபாரிசுக் கடிதம்

அவள் கல்லூரியில் மூன்றாண்டுகள் என்னிடம் ஆங்கிலம் படித்தவள். படிப்பு முடிந்தபின் மாமல்லபுரத்தில் ஹோட்டல் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தாள். பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பாள்.

வியட்நாமில் ஆங்கில ஆசிரியை வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டாள். ‘கூலிக் குடும்பத்தில் பிறந்து, பதினைந்து வயதுக்குமேல் ஆங்கிலம் பேசக் கற்றவள்’ என்று பெருமையாக எழுதிக்கொடுத்தேன். சிறுவயதிலிருந்தே பேசியவர்கள்தான் வேண்டும் என்று அந்தப் பள்ளி மறுத்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தாள்.

“இன்னா சார், என் இங்கிலீஷப் பத்திக் கேட்டா, என் வூட்டப் பத்தி எழுதிக்கினு கீறீங்க!” என்று சிரித்தாள். “வேற ஸ்கூல் ஒண்ணு கீது. இந்தவாட்டி என்னைப் பத்தி எழுதுங்க சார்.”

எழுத உட்கார்ந்தேன். வகுப்பில் அவள் எப்படி இருந்தாள் என்று யோசித்தால், அவள் வீட்டைத் தவிர எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. மூன்றாண்டுகள் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?